அத்தியாயம் 6: வீசுகோல் விழும் கணம்

குமரி மாவட்டத்து வீடுகளில் பரணைத் துழாவினால் கிடைக்கும் வீடியோ கேசட்டுகள் பெரும்பாலும் மூன்று வகை. கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா, வளைகுடாவில் வேலை பார்த்தவர் விடுமுறைக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்த கேமராவில் எடுத்த ஊரும் உறவும். கணினிக்கு மாற்ற நேரமும் பணமும் குறைவாக இருந்தால் கொடை கேசட்டை முதலில் எடுங்கள் என்பது என் கட்சி. கல்யாணத்துக்கு ஆல்பம் இருக்கிறது, நினைவு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். சாமக்கொடையில் வில்லுப்பாட்டாகப் பாடிய இசக்கியம்மன் கதைக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது. ஒரே புலவர் ஒரே கதையை இரண்டு ஊர்களில் பாடினாலும் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஊரையும் சாமியையும் கூட்டத்தையும் நேரத்தையும் பார்த்துப் பாட்டு நீளும், சுருங்கும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்த வட்டாரத்துக் கொடைகளில் இருந்து கேட்டுத்தான் 1988இல் வெளிவந்த தம் வில்லுப்பாட்டு நூலை எழுதினார். பாட்டின் வரிகளோடு நிற்காமல், அது நிகழ்த்தப்படும் விதத்தையும் சேர்த்தே அதில் பேசினார்.

அந்த நிகழ்த்துதலை வீடியோ காப்பாற்ற வேண்டுமானால் படமும் ஒலியும் ஒன்றாக ஓட வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓட்டிய கல்யாண வீடியோவில் ஒலி அரை விநாடி நகர்ந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வில்லுப்பாட்டில் அப்படியல்ல. வீசுகோல் வில்லின் நாணில் விழுவது, ‘பத்தி’ என்ற மட்டை குடத்தின் வாயில் அறைவது, உடுக்கையில் விரல், ஜால்ரா, தாளக்கட்டை என்று தாளம் முழுவதும் கண்முன்னே நடக்கிறது. இந்த வீடியோவைப் பார்த்துக் குடம் அடிக்கப் பழகும் பிள்ளைக்கு, கை விழுவதற்கும் ஓசை எழுவதற்கும் உள்ள உறவுதான் பாடமே. அது கலைந்தால் மிஞ்சுவது வெறும் நினைவுப்பொருள்.

எவ்வளவு விலகினால் தவறு என்று கேட்டால், ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் தொலைக்காட்சிக்கு ஒரு வரம்பு சொல்லியிருக்கிறது. ஒலி படத்தை 40 மில்லிவிநாடிக்கு மேல் முந்தக்கூடாது, 60 மில்லிவிநாடிக்கு மேல் பிந்தக்கூடாது. பிந்துவதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருப்பதற்கு நம் பழக்கம் காரணம். தூரத்தில் நடப்பதை நாம் எப்போதும் முதலில் பார்த்துப் பிறகுதான் கேட்கிறோம். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கும் கேசட்டுக்கும் அடிப்படையாக இருந்த ‘பால்’ முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிவிநாடி. ஆகவே முந்தினால் ஒரு ஃபிரேம், பிந்தினால் ஒன்றரை ஃபிரேம். அதற்கு மேல் போனால் திருத்துங்கள்.

மூன்று இடங்களில் பாருங்கள்

சினிமா எடுப்பவர்கள் கிளாப் பலகையை அடிப்பது, பலகை மூடும் படத்தையும் ‘டக்’ என்ற ஓசையையும் பிறகு பொருத்துவதற்காக. வில்லுப்பாட்டில் அதற்கு அவசியமே இல்லை. வீசுகோல் ஒவ்வொரு முறை விழும்போதும் உங்களுக்கு ஒரு கிளாப் கிடைக்கிறது. ஆனால் எந்த அடியை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். சாமி வரும் நேரத்து வேகத்தில் விநாடிக்கு நான்கு அடி விழுகிறது என்று வையுங்கள். அப்போது ஒலி சரியாகக் கால் விநாடி பிந்தியிருந்தால், கண் ஒரு அடியைப் பார்க்கும் கணத்தில் காது முந்தைய அடியைக் கேட்கும். எல்லாம் பொருந்தியிருப்பதாகவே தோன்றும். இதனால் வேகமான பகுதியில் சோதிக்கவே கூடாது. புலவர் வசனம் பேசி முடித்து, ஓர் இடைவெளிக்குப் பிறகு விழும் முதல் அடியை எடுங்கள். அதற்கு முன்னால் அமைதி இருப்பதால் குழப்பம் வராது.

அப்படிப்பட்ட மூன்று அடிகளை, வீடியோவின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று குறித்துக்கொள்ளுங்கள். வி.எல்.சி. மென்பொருளில் வீடியோவை ஓட்டி, விண்டோஸ் அல்லது லினக்ஸ் கணினியில் ‘கே’ விசையை அழுத்தினால் ஒலி ஒவ்வொரு அழுத்தலுக்கும் 50 மில்லிவிநாடி பின்னால் போகும். ‘ஜே’ விசை அதே அளவு முன்னே இழுக்கும். அடியும் ஓசையும் பொருந்தும்போது திரையில் தெரியும் எண்ணைத் தாளில் எழுதுங்கள். கோப்பில் எதுவும் மாறாது, எனவே தைரியமாகச் செய்யலாம்.

எழுதிய மூன்று எண்களும் கோளாறு எங்கே என்று சொல்லிவிடும். மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒலித்தடம் மொத்தமாக நகர்ந்திருக்கிறது, திருத்துவது எளிது. தொடக்கத்தில் பூச்சியம், நடுவில் கொஞ்சம், கடைசியில் அதன் இரட்டிப்பு என்றால் படமும் ஒலியும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும். நடுவில் பூச்சியமாக இருந்து கடைசியில் திடீரென்று அரை விநாடி என்றால் இடையில் எங்கோ ஃபிரேம்கள் விழுந்துபோயின. இந்த மூன்றாவதை மென்பொருளில் திருத்துவதைவிட கேசட்டை மறுபடி ஓட்டிப் பதிவதே நல்லது. கடைக்காரர் “கன்வெர்ட் பண்ணினா சரியாயிடும்” என்று சொன்னாலும், இந்த மூன்று எண்களைப் பார்க்காமல் எந்தக் கோப்பையும் மாற்றக் கொடுக்காதீர்கள்.

கேசட்டிலிருந்து கணினிக்கு

விலகல் பெரும்பாலும் பிறப்பது வடிவ மாற்றத்தில் அல்ல, அதற்கு முன்னால், கேசட்டைக் கணினியில் பதியும்போதே.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. கடற்காற்றும் சேர்ந்தால் கேசட்டுக்குள் பூஞ்சை வராமல் இருப்பதுதான் அதிசயம். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் வீடியோ டெக்கில் போடாதீர்கள். டெக்கின் தலை அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டும் கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டாக இருந்தாலும், வருடக்கணக்கில் சும்மா கிடந்ததை முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பதியுங்கள். சுருளின் இழுவிசை சீராகும், படம் குலுங்குவது குறையும்.

படம் குலுங்கும் இடத்தில்தான் ஃபிரேம் விழுகிறது. பழைய டேப் தரும் சிக்னலின் நேரக்கணக்கு ஒழுங்காக இருப்பதில்லை. மலிவான யுஎஸ்பி பிடிப்புக் கருவி அதை ஏற்க முடியாமல் சில ஃபிரேம்களைத் தவறவிடும். ஒலியோ இடைவெளி இல்லாமல் வந்துகொண்டே இருக்கும். படம் சுருங்கி ஒலி அப்படியே நின்றால் விலகல் தவிர வேறென்ன வரும்? இதற்கென்று டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இருக்கிறது, விலை அதிகம். நாகர்கோவிலில் வீடியோ வேலை செய்த பழைய ஸ்டுடியோக்காரர் யாரிடமாவது டிவிடி ரெக்கார்டர் சும்மா கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். டெக்கிலிருந்து வரும் வயரை அதன் வழியாகச் செலுத்திக் கணினிக்குக் கொண்டுபோனால், பல மாடல்கள் சிக்னலைப் பெருமளவு ஒழுங்குபடுத்தித் தரும்.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. படம் வரும் மஞ்சள் வயரைப் பிடிப்புக் கருவியிலும், ஒலி வரும் வெள்ளை, சிவப்பு வயர்களைக் கணினியின் மைக் துளையிலும் செருகிவிடுகிறார்கள். பிடிப்புக் கருவிக்கு ஒரு கடிகாரம், கணினியின் ஒலி அட்டைக்கு இன்னொரு கடிகாரம். இரண்டும் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிவிநாடி விலகும். மூன்று மணி நேரக் கேசட்டின் கடைசியில் அரை விநாடிக்கு மேல் போய்விடும். மூன்று வயர்களையும் ஒரே கருவியில் செருகுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மென்பொருளில் பதியும்போது ஃபிரேம் வேகத்தை 25 என்றும், ஒலியை 48,000 ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள் தானாக 30 என்றுதான் வைத்திருக்கும், மாற்ற மறக்காதீர்கள். பதியும் கோப்பு எம்கேவி ஆக இருக்கட்டும். நடுவில் மின்சாரம் போனால் சாதாரண எம்பி4 கோப்பு திறக்காமலே போகலாம், எம்கேவியில் அதுவரை பதிந்தது மிஞ்சும். நம் ஊர் மின்வெட்டுக்கு இது பெரிய விஷயம்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் அனுப்பிய கேசட் என்றால் அது என்.டி.எஸ்.சி. முறை. அதன் வேகம் 30 அல்ல, 29.97. ஏறத்தாழ ஒன்றுதானே என்று 30 என வைத்தால் மணிக்கு 3.6 விநாடி விலகும். வளைகுடாவிலிருந்து வந்த கேசட்டுகள் பெரும்பாலும் நம்முடைய ‘பால்’ முறையே.

மினிடிவி கேசட் உங்களிடம் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அதில் படமும் ஒலியும் எண்களாகவே பதிந்திருக்கின்றன. ஃபயர்வயர் கேபிளில் அப்படியே இறக்குங்கள், மஞ்சள் வயரில் எடுக்காதீர்கள். மணிக்கு 13 ஜிபி பிடிக்கும். அதைச் சுருக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை மாற்றுகிறோம்?

‘ஏவிஐயை எம்பி4 ஆக்க வேண்டும்’ என்று சொல்லும்போது இரண்டு வேறு வேலைகள் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. ஏவிஐ, எம்பி4, எம்கேவி எல்லாம் கொள்கலன்கள். உள்ளே இருக்கும் படமும் ஒலியும் எச்264, எம்பெக்2, ஏஏசி, எம்பி3 என்று ஏதாவது ஒரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும். தோவாளைச் சந்தையில் பூவை ஓலைப்பெட்டியிலிருந்து அட்டைப்பெட்டிக்கு மாற்றினால் பூ வாடுவதில்லை. அதுபோலக் கொள்கலனை மட்டும் மாற்றினால் படத்துக்கும் ஒலிக்கும் ஒரு சேதமும் இல்லை. மூன்று மணி நேர வீடியோவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ரீமக்ஸ்’ என்கிறார்கள். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருள் எதையும் எம்கேவி கொள்கலனுக்கு இப்படி மாற்றும். ஓபிஎஸ் மென்பொருளிலேயே, பதிந்த எம்கேவியை எம்பி4 ஆக்க இதே பெயரில் ஒரு வசதி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் தெரிந்தவர்கள் தடங்களை ‘காப்பி’ என்று கொடுத்தால் போதும்.

உள்ளே இருப்பதையே மறுபடி சுருக்குவது இரண்டாவது வேலை. தரம் குறையும், நேரம் ஆகும், ஒலியும் நகர வாய்ப்பு உண்டு. ஏஏசி முறையில் சுருக்கும்போது தொடக்கத்தில் சிறிது வெற்று ஒலி சேரும். சில கருவிகளில் அது 2,112 சாம்பிள், 44,100 ஹெர்ட்ஸில் 48 மில்லிவிநாடி. நல்ல மென்பொருள் அதைக் கணக்கில் எடுத்துத் தவிர்க்கும், கண்ட மென்பொருளும் அப்படிச் செய்யாது. ஒரே கோப்பைக் கடைக்காரர் ஒருமுறை, உறவினர் ஒருமுறை, நீங்கள் ஒருமுறை என்று மாற்றிக்கொண்டே போனால் விலகலும் கூடிக்கொண்டே போகலாம். கொள்கலன் மாற்றினால் போதுமென்றால் அதோடு நிறுத்துங்கள். படத்தை மறுபடி சுருக்கியே ஆக வேண்டுமென்றாலும் ஒலித்தடத்தை அப்படியே எடுத்துவையுங்கள்.

ஏவிஐக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட் 1992இல் கொண்டுவந்த இந்தக் கொள்கலனில் ஒவ்வொரு ஃபிரேமும் எந்த நேரத்தில் தெரிய வேண்டும் என்ற குறிப்பு இல்லை. ஃபிரேம்களை எண்ணி, வேகத்தால் வகுத்து நேரத்தைக் கண்டுபிடிக்கிறது. அளவு மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3 ஒலியை அதில் போட்டிருந்தால் கணக்கு தடுமாறும். 2000ஐ ஒட்டிய வருடங்களில் எழுதிய சிடிக்களில் இதைப் பார்க்கலாம். ஒலியைத் தனியே பிரித்து ‘வேவ்’ கோப்பாக விரித்து, பிறகு படத்தோடு எம்கேவியில் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிவிடியில் 1 ஜிபி அளவில் துண்டுதுண்டாக இருக்கும் ‘விஓபி’ கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி ஒட்டாதீர்கள், ஒட்டிய இடத்தில் ஒலி குதிக்கும். மேக்எம்கேவி போன்ற மென்பொருளில் முழு டிவிடியையும் ஒரே கோப்பாக எடுங்கள். விசிடி என்றால் 352க்கு 288 புள்ளிகளே உள்ள சிறிய படம், 44,100 ஹெர்ட்ஸ் ஒலி. அதைப் பெரிதாக்கி அழகுபடுத்த முயலாமல் உள்ளபடியே காப்பாற்றினால் போதும்.

கைப்பேசியில் எடுத்த கொடை

இப்போது கொடைக்குக் கேமராக்காரர் வராத ஊரிலும் இருபது கைப்பேசிகள் நீளுகின்றன. கைப்பேசியின் வேகம் சீராக இருப்பதில்லை. பந்தலில் வெளிச்சம் குறைந்தால் கூடுதல் ஒளி வாங்குவதற்காகப் பல கைப்பேசிகள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். கைப்பேசியில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரி, எடிட்டிங் மென்பொருளில் போட்டால் ஒலி விலகும். மென்பொருள் எல்லா ஃபிரேமும் ஒரே இடைவெளியில் இருப்பதாக நம்பிவிடுவதே காரணம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஃபிரேம் வேகத்தின் அருகில் ‘வேரியபிள்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெட்டி ஒட்டுவதற்கு முன் ஹேண்ட்பிரேக்கில் வீடியோ பகுதிக்குப் போய் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். மறுபடி சுருக்குவதை நான் பரிந்துரைக்கும் சில இடங்களில் இது ஒன்று. மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்கப்படும். ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை அப்படியே வரும்.

பந்தலின் பின்வரிசையில் நின்று எடுத்தவரின் வீடியோவில் ஒலி கொஞ்சம் பிந்துவது இயல்பு. ஒலி 34 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 100 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராக எடுத்த ஒலியில் இந்தத் தாமதம் இருக்காது. இரண்டும் கிடைத்தால் கலக்காதீர்கள், எதிரொலிபோல் கேட்கும். ஆம்ப்ளிஃபயர் ஒலியை வீசுகோலின் அடியோடு பொருத்திப் பயன்படுத்துங்கள். ஆனால் கேமரா மைக்கில் பதிந்த குலவையும் கூட்டத்தின் சத்தமும் கொடையின் ஒரு பாகம். அதையும் இரண்டாவது ஒலித்தடமாக அதே எம்கேவியில் வைத்திருங்கள்.

விலகலைக் கணக்கிடுதல்

மொத்தமாக நகர்ந்த ஒலியைத் திருத்த, எம்கேவிடூல்நிக்ஸில் ஒலித்தடத்தைத் தேர்ந்து ‘டிலே’ கட்டத்தில் மில்லிவிநாடியை எழுதினால் முடிந்தது. ஒலி பிந்தினால் கழித்தல் குறியோடு, முந்தினால் குறி இல்லாமல்.

வளரும் விலகலுக்கு ஒரு வகுத்தல் போதும். தொடக்க அடி பொருந்துகிறது, படத்தில் 10,000ஆவது விநாடியில் விழும் அடியின் ஓசை 10,001ஆவது விநாடியில் கேட்கிறது என்று வையுங்கள். ஒலி பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீண்டிருக்கிறது.  ஒலியை ஆடாசிட்டி என்ற மென்பொருளில் திறந்து வேகத்தை 0.01 சதவீதம் கூட்டுங்கள். திருத்தியபின் நடு அடியையும் பாருங்கள். கணக்கு சரியென்றால் அதுவும் தானாகப் பொருந்தியிருக்கும்.

ஆடாசிட்டியில் வேகத்தை மாற்ற இரண்டு கட்டளைகள் உண்டு. ‘சேஞ்ச் டெம்போ’ சுருதியை மாற்றாமல் நீளத்தை மட்டும் மாற்றும், ‘சேஞ்ச் ஸ்பீடு’ இரண்டையும் சேர்த்து மாற்றும். பாட்டாயிற்றே, சுருதி மாறக்கூடாது என்று பலர் முதலாவதை எடுக்கிறார்கள். இங்கே எடுக்க வேண்டியது இரண்டாவது. கடிகாரம் பிசகியதால் நீண்ட ஒலியில் சுருதியும் அதே அளவு இறங்கியிருக்கும். வேகத்தைத் திருப்பும்போது புலவரின் குரலும் தன் இடத்துக்கு வருகிறது. மேலும் முதல் கட்டளை ஒலியைத் துண்டாக்கி ஒட்டுவதால் குடத்தின் கூர்மையான அறை மழுங்கிப்போகும்.

மாற்றி முடித்த பிறகு

எச்264 படமும் ஏஏசி ஒலியும் உள்ள எம்பி4, ஊருக்குக் கொடுப்பதற்குப் போதும். டிவியிலும் கைப்பேசியிலும் ஓடும். காப்பகப் பிரதி வேறு. எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் எம்கேவி கோப்பாக வையுங்கள். இது 2021 முதல் பொதுத் தரமாக வெளியிடப்பட்ட முறை, எந்த ஒரு நிறுவனத்தின் தயவிலும் இல்லை. ஒரு பிரதி வீட்டில், ஒன்று உறவினரிடம், இன்னொன்று கடற்கரையை விட்டுத் தள்ளி இருக்கட்டும். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் வீடுகளுக்குள் வந்ததை மறந்துவிட்டுத் திட்டமிட முடியாது. கோப்பின் பெயரில் கோயில், ஊர், வருடம், குழு நான்கையும் எழுதுங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. அரிய கதை என்று தோன்றினால் அங்கே பேசிப் பாருங்கள்.

வீடியோ டெக் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது ஓடுகிற டெக்குகள் தேயத் தேய எண்ணிக்கை குறையும். கேசட் பெரும்பாலும் கோயில் கமிட்டியிடமோ கேமராக்காரரிடமோதான் இருக்கும், பாடியவர்களின் வீட்டில் இருக்காது. கேட்டு வாங்கி, அடுத்த மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். முதல் பிரதியைப் பாடியவரின் குடும்பத்துக்குக் கொடுங்கள்.